படத்தின் ஓரங்கள்

எங்கள் மலாக்கா ரப்பர் தோட்டத்தில் பெரியவர்கள் பலருக்கு முதன்முதலில் படம் பிடித்தது அரசாங்கம்தான். 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளையும் வெளியே இருந்த சனங்களையும் பிரித்தறிய வேண்டி, 12 வயதைத் தாண்டிய எல்லாரும் படமும் பெருவிரல் ரேகையும் உள்ள அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். காலையில் ஆட்களை எண்ணும் பிரட்டுக்களத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, பின்னால் வெள்ளைத் துணி கட்டி, வரிசையாக உட்காரவைத்து எடுத்தார்களாம். "கண்ணச் சிமிட்டாதேன்னான், நானும் சிமிட்டல" என்பார் அப்பாயி. அந்தச் சின்னப் படத்தில் அவர் கண்கள் அவ்வளவு பெரிதாக இருக்கும். வீட்டில் அவர் யாரையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

அப்பாயி இறந்தபோது நடுவீட்டில் மாட்ட வேறு படம் கிடையாது. கார்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் அப்பா அதை எடுத்துக்கொண்டு ஜாசின் பட்டணத்தில் ஒரு சீனர் ஸ்டூடியோவுக்குப் போனார். சைக்கிள் பின்னால் நான். கடை முதலாளி தவுக்கே அந்தப் படத்தை மறுபடி படம் பிடித்துப் பெரிதாக்கி, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். வர்ணம் தீட்டும் வேலை நாங்கள் மறுபடி போன நேரத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. குச்சியில் பஞ்சைச் சுற்றி எண்ணெய் வர்ணத்தில் தொட்டுத் தொட்டுப் புடவையைப் பச்சையாக்கினார். ஜரிகை வந்தது. காதில் தோடு வந்தது. அப்புறம் தலையைத் தூக்கி, தோட்டத்துச் சனங்களோடு புழங்கிப் பழகிய தமிழில், "பொட்டு வேணுமா?" என்று கேட்டார்.

தாத்தா செத்துப் பல வருசமாகிவிட்டது. அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வைங்க தவுக்கே" என்றார். திரும்பி வரும்போது சடக்கில் சைக்கிளை மிதித்துக்கொண்டே, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிறவர்போல, "நாப்பத்தெட்டுல அவங்க சுமங்கலிதானே" என்றார்.

படம் பிடிக்கும் ஆசை எனக்கு எங்கே தொடங்கியது என்று கேட்டால் அந்தப் பஞ்சுக்குச்சியைத்தான் சொல்வேன். கேமராவை நான் பார்த்தது அதற்கப்புறம். செத்துப்போன ஒருவரின் நெற்றியில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒரு மேசை விளக்கடியில் இரண்டு ஆண்கள் முடிவுசெய்ய முடியும் என்பது ஒரு பத்து வயசுப் பையனுக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

அந்த ஸ்டூடியோவை இப்போதும் சுவர் சுவராகச் சொல்லலாம். பின்திரையில் ஓர் ஏரி, இரண்டு அன்னம், எங்கேயும் போய்ச் சேராத ஒரு படிக்கட்டு. முக்காலியின் மேல் கம்பி இல்லாத டெலிபோன். ஆணியில் மூன்று கோட்டு தொங்கும். எந்த அளவு ஆளாக இருந்தாலும் அந்த மூன்றில் ஒன்றுக்குள்தான் நுழைய வேண்டும், முதுகுப் பக்கம் ஊக்கு குத்திச் சரிபண்ணிவிடுவார்கள். ஒரு சீப்பு, ஒரு பவுடர் டின், ஓரம் உடைந்த கண்ணாடி. கல்யாணமான புதுச் சோடி, மொட்டை போடும் முன் குழந்தை, வயசுக்கு வந்த பெண் எல்லாரும் அந்த ஏரிக்கரைக்குத்தான் வந்தாக வேண்டும். மெர்லிமாவ், பெம்பான், ஆசகான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் வருவார்கள்.

அங்கே சந்தோஷத்துக்கு வந்தவர்கள்போலவே கலக்கத்தோடு வந்தவர்களும் உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு குடியுரிமை கிடைத்தவர்களுக்கு நீலக் கார்டு, கிடைக்காதவர்களுக்குச் சிவப்புக் கார்டு. 1968-இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி சிவப்புக் கார்டுக்காரர்கள் வேலைசெய்ய பெர்மிட் எடுக்க வேண்டியதாயிற்று. 1969-இலும் அதையடுத்தும் பெர்மிட் கிடைக்காமல் ஆயிரக்கணக்கான தோட்டத்துக் குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறின. கப்பல் பெரும்பாலும் ரஜூலா. ஏறுவதற்கு முன்னால் தங்கிவிடுகிற சொந்தக்காரர்களோடு ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். போகிறவர்களுக்கு ஒரு பிரதி, இருக்கிறவர்களுக்கு ஒரு பிரதி. எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. அத்தை குடும்பம் அது. அன்னம் நீந்துகிற ஏரிக்கு முன்னால் ஒன்பது பேர், ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. அத்தை மாமாவின் மேல் தொங்கும் கோட்டு எனக்கு நன்றாக அடையாளம் தெரியும், மூன்றில் அது நடுக்கோட்டு.

வர்ணம் தீட்டிய படங்களில் எனக்கு ஒரே ஒரு குறை. எல்லாரும் ஒரே நிறத்தில் இருப்பார்கள், ரோசாப்பூ நிறத்தில். அப்பாவின் கல்யாணப் படத்தைப் பார்த்து, "இது யாருப்பா?" என்று கேட்டுக் குட்டு வாங்கியிருக்கிறேன். கலர் பிலிம் வந்ததும் இது சரியாகிவிடும் என்றுதான் நினைத்தோம். அது வேறு மாதிரி கெட்டது. பிளாஷ் அடித்தால் சட்டை பளீரென்று விழும், முகம் இருட்டாகிவிடும், பல்லும் விபூதியும் மட்டும் தெரியும். வெகுகாலம் கழித்துத்தான் காரணம் படித்தேன். கொடாக் கம்பெனி உலகம் முழுக்கக் கழுவும் கூடங்களுக்கு ஓர் அளவுப் படத்தை அனுப்பிவந்தது. அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி. 'ஷர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்துவிட்டால் மற்றதெல்லாம் சரி என்று கணக்கு. கருமையின் சாயல்களைப் பிலிம் பிரித்துக் காட்டத் தொடங்கியதற்கு, மரச்சாமான் விளம்பரக்காரர்களும் சாக்லேட் விளம்பரக்காரர்களும் முறையிட்டதும் ஒரு காரணம் என்று அந்தக் கம்பெனியில் இருந்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். நாற்காலிக்காகவும் மிட்டாய்க்காகவும் நடந்த திருத்தம், போகிறபோக்கில் எங்கள் அம்மாக்களின் முகத்தையும் காப்பாற்றியது.

ஸ்டூடியோவுக்கு முன்னதாகவே திரை எங்களைப் பிடித்துக்கொண்டது. திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத்துணி கட்டிப் படம் ஓட்டுவார்கள். சம்பளம் போட்ட வாரமென்றால் கூட்டம் அதிகம். முன்னால் பாய் போட்டுப் பெண்டுகள், அதற்குப் பின்னால் பெரியவர்கள், எங்களுக்கு இடமில்லை. நாங்கள் திரைக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வோம். அங்கேயிருந்து பார்த்தால் எம்.ஜி.ஆர் இடக்கையால் கத்தி சுற்றுவார், எழுத்தெல்லாம் திரும்பி ஓடும். நம்பியாரும் இடக்கைக்காரர் ஆகிவிடுவதால் சண்டை நியாயமாகத்தான் நடக்கும். படம் அறுந்தால் ஓட்டுகிறவர் நுனியை வெட்டி ஒட்டுவார். வெட்டிப் போட்ட துண்டுக்கு அடிதடி. மறுநாள் பியூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி, அதன் முன்னால் துண்டைப் பிடித்து, வெளியே ஒருவன் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிட, இருட்டிய லயத்து வீட்டு அறைச் சுவரில் சாவித்திரி பூதாகாரமாக நிற்பார். அசைய மாட்டார். அது போதும் எங்களுக்கு. பல்பைச் சுவருக்குக் கிட்டே கொண்டுபோனால் சின்னதாகவும் கூராகவும் தெரிவதையும், எட்டக் கொண்டுபோனால் பெரிதாகிக் கலங்குவதையும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். லென்ஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தப் பல்பு சொல்லிக்கொடுத்தது.

தோட்டத்தில் சொந்தமாகக் கேமரா வைத்திருந்தவர் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி ஒருவர்தான். யாழ்ப்பாணத்தார், யாஷிகா வைத்திருந்தார். மேலும் கீழுமாக இரண்டு கண் உள்ள பெட்டி அது. கழுத்தில் மாட்டி, வயிற்றுக்கு நேரே பிடித்து, குனிந்து பார்க்க வேண்டும். "தொடாதை தம்பி, பார்க்க மட்டும் பார்" என்று ஒருநாள் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளங்கை அளவு கண்ணாடியில் கோயில் மண்டபம், அதற்கு முன்னால் ஆடு, அப்பால் ஒரு பொம்பளை தண்ணீர்க்குடத்தோடு போகிறாள். எல்லாம் வெளியே இருப்பதைவிட அழகாக இருந்தது. ஆனால் அவள் வலப்பக்கம் நடக்க, கண்ணாடியில் இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு அது ஒன்றும் புதிதில்லை. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பழகியவனுக்கு இடவலம் மாறிய உலகம் சொந்த ஊர்தான்.

எனக்கென்று கைக்கு வந்த முதல் கேமரா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன மாமா கொண்டுவந்தது. கொடாக் இன்ஸ்டமாடிக். 1963-இல் வந்த சாதனம், எங்கள் தோட்டத்துக்கு வர எழுபதுகள் ஆகிவிட்டது. பிலிமைச் சுற்றிக்கொண்டு திண்டாட வேண்டாம், டப்பாவை உள்ளே போட்டு மூடினால் முடிந்தது. தூரம் பார்ப்பதும் இல்லை, வெளிச்சம் அளப்பதும் இல்லை. தலையில் 'மேஜிக் கியூப்' என்று ஒரு கட்டி மாட்டலாம். நாலு முகம், நாலு வெளிச்சம். பேட்டரிகூட வேண்டாம், உள்ளே ஒரு கம்பி தட்டினால் பற்றிக்கொள்ளும். எரிந்த கட்டியைக் கழற்றினால் கையில் சூடு தெரியும். பிளாஸ்டிக் கொப்புளித்துப் பால்நிறமாகியிருக்கும், உள்ளே சாம்பல் நூல்நூலாகத் தொங்கும். அதை வாங்கிக்கொள்ளச் சின்னப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். படத்துக்கு நிற்கிறவர்களைவிட அந்த வரிசை நீளம்.

ஒரு சுருள் வாங்கி, எடுத்து, கழுவி, படம் போட்டு வீட்டுக்கு வருவதற்குள் அம்மாவின் இரண்டு மூன்று நாள் கூலி போய்விடும். அதனால் எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. திருவிழா, கல்யாணம், காதுகுத்து, தீபாவளிக்குப் புதுத்துணி, சாவுக்கு வந்த சொந்தங்கள் எல்லாம் எடுக்கலாம். வேலைத்துணியோடு யாரையும் எடுக்கக்கூடாது. "பால் நாத்தத்தோட நிக்கிறேன், இப்பப் போயி!" என்று அடிக்க வருவார்கள். பால்வெட்டுச் சட்டை ஒட்டுப்பால் காய்ந்து விறைத்துக் கறுத்திருக்கும். அதைப் போட்டுக்கொண்டு நிற்கிற தன்னைக் காலம் முழுக்கச் சுவரில் பார்க்க யாருக்கு ஆசை? அவர்கள் சொன்னது நியாயம். எனக்கும் அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் என்னைப் பைத்தியமாக அடித்தது வெளிக்காட்டின் வெளிச்சம்.

பால்மரக் காட்டில் வேலை விடியுமுன்னே தொடங்கும். குளிர்ச்சியிருக்கும் வரைதான் மரத்தில் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் அடைத்துக்கொள்ளும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரையில் இறங்குவார்கள். இருட்டில் அந்த விளக்குகள் வரிசையாக நகரும், மரத்துக்கு மரம் ஒரு நொடி நிற்கும், அப்புறம் நகரும். இன்ஸ்டமாடிக்கால் அதை ஒன்றும் செய்ய முடியாது, அது வெயிலுக்கென்றே செய்த பெட்டி. யாஷிகாவே திணறும். நூறு வேகப் பிலிமைப் போட்டு, துளையை முழுக்கத் திறந்து, நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு வைத்தால்தான் நிழலுக்குள் ஏதாவது விழும். அந்த வேகத்தில் கை ஆடும், மரம் ஆடாது, ஆள் ஆடிவிடுவார். காலை ஒன்பது மணிக்கு மேல் இன்னொரு தொல்லை. இலைக்கு நடுவே விழும் வெயில் சொட்டுகள் வெளுத்து ஓட்டை விழுந்ததுபோல் ஆகும், மற்றதெல்லாம் மை.

வருசத்தில் ஒரே ஒரு பருவம் விதிவிலக்கு. மாசி பங்குனியில் பால்மரம் இலையுதிர்க்கும். முதலில் காடு முழுக்கச் செம்பு நிறமாகும், பிறகு இரண்டொரு வாரத்தில் மொட்டை. வருசமெல்லாம் இருட்டிக் கிடந்த நிரைகளில் திடீரென்று மேலேயிருந்து கூரை பிரித்ததுபோல் வெளிச்சம் கொட்டும். தரையில் முழங்கால் வரை சருகு, நடந்தால் ஊருக்கே கேட்கும். வெளிச்சம் மேலிருந்து வந்து வெளுத்த சருகில் பட்டுக் கீழிருந்தும் எழும்பும். முகத்தில் நிழலே விழாது. ஸ்டூடியோக்காரர்கள் வெள்ளை அட்டை பிடித்துக் கொண்டுவரப் பார்க்கிற வெளிச்சம் அது, மலாக்காவில் சும்மா கிடைத்தது. அந்தப் பருவத்தில் பால் குறைவு, வருமானம் குறைவு, கடைக்கணக்கு ஏறும். அம்மாவுக்குப் பிடிக்காத மாதம் எனக்குப் பிடித்த மாதம். இதை அவரிடம் சொல்லாமலிருக்கும் அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது.

அதே மாசியில்தான் மாசிமகம். தேர் புறப்படும் ஜாலான் துக்காங் எமாஸில் 1781-இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயிலுக்கும், செங்கில் சன்னாசிமலைக்கும் லோரி லோரியாகச் சனம் போகும். நானும் கேமராவோடு போவேன். தேரின் படங்கள் எனக்குச் சுமாராகவே வந்தன. தேரை எல்லாரும் எடுத்தார்கள், எல்லாருடைய படமும் ஒன்றுபோல் இருந்தது. விடுவோம்.

கிராணி ஐயா மாற்றலாகிப் போகும்போது யாஷிகாவை அப்பாவிடம் அரை விலைக்குக் கொடுத்தார், அதுவும் தவணையில். அப்பா எதற்கு ஒத்துக்கொண்டார் என்று இன்றுவரை விளங்கவில்லை. அவர் ஸ்டோரில் வேலைபார்த்தார். தோட்டத்துப் பாலைத் தொட்டியில் ஊற்றி, தண்ணீர் சேர்த்து, பார்மிக் ஆசிட் கலந்து உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கிப் புகைக்கூடத்துக்கு அனுப்புகிற வேலை. சட்டையில் எப்போதும் அந்தப் புளித்த ஆசிட் வாடை இருக்கும்.

யாஷிகா வந்ததும் நானே கழுவப் பார்த்தேன். மருந்துப் பொட்டலங்களை ஜாசின் தவுக்கே கொடுத்தார், செய்முறையை ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதித் தந்தார். ராத்திரி எல்லாரும் படுத்தபிறகு லயத்துக் குசினிதான் இருட்டறை. பிலிமைப் போர்வைக்குள் வைத்துக் கையாலேயே டப்பாவுக்குள் சுற்ற வேண்டும், துளி வெளிச்சமும் ஆகாது. மருந்து 20 பாகையில் இருக்க வேண்டும். எங்கள் குழாய்த்தண்ணீர் நடுராத்திரியிலும் 27, 28-க்குக் குறையாது. சூட்டில் பிலிமின் பூச்சு இளகி உரிந்துவிடும். கடையில் ஐஸ் கட்டி வாங்கிவந்து, ரப்பர் வாளியில் போட்டு, அதற்குள் பாத்திரத்தை வைத்துக் குளிரவைப்பேன். ஐஸைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டால் பூச்சு சுருங்கி மேலெல்லாம் வெடிப்பு விழும், பொறுமையாகத்தான் இறக்க வேண்டும். படம் போடும்போது மட்டும் சிவப்புக் காகிதம் சுற்றிய பல்பு எரியலாம், தாளுக்குச் சிவப்பு தெரியாது. நெகட்டிவைத் தாளின் மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி ஒரு நொடி வெள்ளை விளக்கைப் போட்டு அணைப்பேன். படம் நெகட்டிவ் அளவுதான், ஆறு சென்டிமீட்டர் சதுரம். சிவப்பு வெளிச்சம் சன்னல் இடுக்கில் தெரிந்து, பக்கத்து வீட்டு அக்கா மறுநாள், "என்ன தம்பி, ராத்திரியில ஏதும் பூசையா?" என்று கேட்டார். அம்மாதான் சமாளித்தார்.

மருந்திலிருந்து எடுத்த தாளை இரண்டாவது தட்டில் போட வேண்டும், அதில் அசெட்டிக் ஆசிட் கலந்த தண்ணீர். முதன்முதலில் அந்தத் தட்டின் மேல் குனிந்தபோது கதவைத் திறந்துகொண்டு அப்பா வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அதே வாடை. பாலை உறையவைக்கிற குடும்பத்து ஆசிட்தான் படத்தையும் நிறுத்துகிறது. பின்னாளில் கோலாலம்பூரில் வாடகை அறையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு படம் கழுவிய காலத்தில், அந்தத் தட்டை மட்டும் தேவைக்குமேல் கொஞ்சநேரம் திறந்தே வைத்திருப்பேன்.

எங்கள் ஆட்களுக்கு இந்த மருந்துவாடை நான் நினைத்ததைவிடப் பழசு. ஸ்காட்லாந்துக்காரர் ஜான் தாம்சன் 1862 வாக்கில் பினாங்கில் பத்து மாதம் தங்கிப் படம் பிடித்தார். கண்ணாடித் தகட்டில் ஈரமருந்து பூசி, காய்வதற்குள் எடுத்துக் கழுவுகிற காலம் அது. மனிதக் கை படாமல் உருவம் பிடிப்பது பேய்வேலை என்று சீனர்கள் உதவிக்கு வர மறுத்துவிட்டதால், மெட்ராஸ் ஆட்கள் இருவரைப் பழக்கி, அவர்களையே படம்போடவும் கூடமாட நிற்கவும் வைத்துக்கொண்டதாகத் தன் பயணநூலில் எழுதியிருக்கிறார். மலாக்காவுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் அன்று ஒரே ஆட்சி, தொடுவாய்க் குடியேற்றம். அந்த நிலத்தில் அவ்வளவு முன்னாலேயே வெள்ளி மருந்தில் கைவைத்தவர்களில் நம்மவர்கள் இருவர் இருந்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐஸ் கட்டிக்கு அவர்கள் என்ன செய்தார்கள்?

தாம்சனுக்குப் பிறகு வந்தவர்கள் பலர். 1867-இல் சிங்கப்பூரில் கூடம் திறந்த லாம்பர்ட், மேடானிலிருந்து வந்து 1907 வாக்கில் மலாய்த் தீபகற்பத்துக்கென்றே பெரிய தொகுப்பு வெளியிட்ட ஜெர்மானியர் கிளைன்குரோத்தே. தோட்டம் வளர வளர அஞ்சல் அட்டைகளும் வந்தன. மரத்தில் உளி வைத்து நிற்கும் தமிழ்ப் பெண், தோளில் காண்டாக்கம்பில் வாளி தூக்கி நிற்கும் ஆண். கீழே 'தமிழ்க் கூலி' என்ற வகையில் ஒரு வரி. பெயர் கிடையாது. அச்சு சுத்தம், வெளிச்சம் சுத்தம். பெரிய பெட்டியும் முக்காலியும் வைத்து, ஆளை அசையாமல் நிறுத்தி எடுத்தவை. எங்கள் வேலையைப் படம் பிடித்தவர்கள் எங்கள் பெயரைக் கேட்கவில்லை. எங்கள் பெயர் தெரிந்து, உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டு எடுத்த எங்கள் சொந்தக் கேமராக்களோ வேலைப்பக்கம் திரும்பவில்லை. அட்டைகளில் உளி உண்டு, அம்மா இல்லை. எங்கள் ஆல்பத்தில் அம்மா உண்டு, உளி இல்லை. இரண்டையும் ஒரே தாளில் வைத்த படம் மலாக்கா மாநிலத்திலேயே எத்தனை தேறும்?

அதனால்தான் சில வருசமாக நான் என் படங்களின் நடுவைப் பார்ப்பதில்லை. ஓரங்களைப் பார்க்கிறேன்.

ஒரு படத்தைச் சொல்கிறேன். தீமிதித் திருவிழா, யாஷிகாவில் எடுத்தது, கறுப்பு வெள்ளை. நடுவில் சின்னம்மா புதுச்சேலையில், கனகாம்பரம் வைத்து, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார். அவருக்காக எடுத்த படம், அவருக்கு ஒன்று கொடுத்தும் ஆயிற்று. இப்போது பூதக்கண்ணாடியை இடது ஓரத்துக்கு நகர்த்தினால் லயத்துச் சுவர். சுவரில் இரண்டு காண்டாக்கம்பு சாய்த்திருக்கிறது, தோளில் படுகிற இடம் மட்டும் மினுங்குகிறது. நாலு வாளி கவிழ்த்துக் கிடக்கிறது. ஆணியில் பால்கூடை, அதன் விளிம்பில் உளியின் பிடி. அப்பாவின் சட்டை கொடியில் காய்கிறது, விறைப்பாக, கை இரண்டும் விரித்தபடி. வலது ஓரத்தில் அம்மா. படத்தைவிட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறார். தலைக்குக் குளித்த முடியைத் துண்டால் முடிந்திருக்கிறார், பாதி உடம்பு சட்டத்துக்கு வெளியே போய்விட்டது, ஒரு கை மட்டும் பின்தங்கி நிற்கிறது. அந்தக் கையில் பெருவிரலின் உள்பக்கம் ஒரு கறுப்புக்கோடு. மரம் வெட்டி வெட்டி விழுந்த கோடு, எத்தனை குளித்தாலும் போகாது. அதை எடுக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. லென்ஸ் பாகுபாடு தெரியாமல் எல்லாவற்றையும் வாங்கிவைத்துக்கொண்டது.

கறுப்பு வெள்ளைப் படங்கள் இப்படித் தாங்குகின்றன. கலர் தாங்கவில்லை. எழுபதுகளில் எடுத்தவை எல்லாம் சிவந்துபோய்விட்டன, பச்சை முதலில் ஓடிவிட்டது. தோட்டத்துப் படத்தில் பச்சை போனால் என்ன மிச்சம்? ஒட்டுகிற பக்கம் வைத்த ஆல்பம் ஒன்று அப்போது நாகரிகம், அந்தப் பசையே படத்தைத் தின்றது. எங்கள் ஊர் ஈரம் வேறு. லென்ஸுக்குள் வலைவலையாகப் பூசணம் படரும். அம்மா மைலோ டின்னில் வறுத்த அரிசியைப் போட்டு அதற்குள் கேமராவை வைப்பார். சிலநாள் மறந்து அந்த அரிசியை உலையில் போட்டுவிடவும் பார்த்திருக்கிறார்.

தோட்டம் போனது ஒரே நாளில் நடக்கவில்லை. முதலில் பெண்பிள்ளைகள் பத்து பெரண்டாம் எலெக்ட்ரானிக் தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறினார்கள். அப்புறம் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். மலாயாவில் ரப்பரை வியாபாரப் பயிராக முதலில் நட்டது எங்கள் மலாக்காவில்தான், 1896-இல் புக்கிட் லிந்தாங்கில், டான் சே யான் என்ற சீன வணிகர். நூறு வருசம்கூட நிறையவில்லை. செம்பனைக்கு இலையுதிர் காலம் கிடையாது. வருசம் பூராவும் அடியில் ஒரே இருட்டு. மாசி மாதம் வருகிறது, மகமும் வருகிறது, அந்த வெளிச்சம் மட்டும் வருவதில்லை. எனக்கு இன்று நல்ல டிஜிட்டல் கேமரா இருக்கிறது, மெழுகுவத்தி வெளிச்சத்தில்கூடப் படம் பிடிக்கும். விடியுமுன் நெற்றி விளக்குகள் நகர்வதை அதனால் கொஞ்சமும் கலங்காமல் எடுத்துவிடலாம். நகர்வதற்கு யாரும் இல்லை. இதுதான் என் ஆற்றாமை, வேறொன்றுமில்லை. கருவி வந்த நேரத்தில் பொருள் போய்விட்டது.

லயங்களையும் இடித்தாயிற்று. ஆட்கள் ஜாசின், ஆயர் குரோ, கிள்ளான், சிங்கப்பூர் என்று சிதறிவிட்டார்கள். ஆனால் கைப்பேசியில் தோட்டத்துப் பெயரில் ஒரு குழு உண்டு. காலையில் முருகன் படமும் பண்டிகை வாழ்த்தும்தான் அதிகம். நான் இப்போது நெகட்டிவுகளை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து அதில் போடுகிறேன், முழுப்படத்தையும் அல்ல, ஓரங்களை வெட்டி. சின்னம்மாவை விட்டுவிட்டுச் சுவரை மட்டும் போட்ட அன்று யாருக்கும் முதலில் புரியவில்லை. "என்னாண்ணே, ஆளயே காணோம்?" என்று ஒருத்தர் கேட்டார். பத்து நிமிசத்தில் சண்டை தொடங்கிவிட்டது. சாய்த்திருக்கும் காண்டாவில் ஒன்று தன் அப்பாவுடையது என்கிறார் கிள்ளானில் இருக்கும் ஓர் அக்கா, நடுவில் துணி சுற்றியிருப்பதை வைத்துச் சொல்கிறார். இல்லை, துணி சுற்றுவது எங்க மாமா பழக்கம் என்கிறார் இன்னொருவர். கவிழ்த்த வாளி ஒன்றில் எண் போட்டிருக்கிறது, 14-ஆ 19-ஆ என்பது இன்னும் தீரவில்லை. 14 என்றால் எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசை, 19 என்றால் கோயில் பக்கத்துக் கடைசி லயம், அப்படியானால் நான் நின்று எடுத்த இடமே வேறு. அந்த மூலையை மட்டும் இன்னும் பெரிதாக ஸ்கேன் செய்து வெள்ளிக்கிழமைக்குள் போடுவதாகச் சொல்லியிருக்கிறேன். அக்கா இப்போதே இரண்டு தடவை கேட்டுவிட்டார்.